சிறு வாய்க்காலும் பெருங் காட்சியும்



கணினியில் விளையாடுவதும், அவ்விளையாட்டை அப்பொழுதே பிறர் காணுமாறு இணையத்தின் வழியே அனுப்புவதும் இன்றைய இளைஞர் பலருக்குப் பழக்கமாகிவிட்டன. இதற்கு நேரலை என்று பெயர். 2011ஆம் ஆண்டில் ட்விச் என்னும் தளம் விளையாட்டு நேரலைக்கென்றே தோன்றியது. யூடியூப் முதலிய தளங்களும் அவ்வழியைப் பின்பற்றின. பட்டணத்தில் கண்ணாடி இழை இணைப்பு உள்ள வீட்டிலிருந்து அனுப்புகிறவருக்கு இதில் இடர் ஒன்றும் இல்லை. சிற்றூரில், செம்புக் கம்பியையோ கைப்பேசியின் அலைவரிசையையோ நம்பியிருக்கும் மாணவர் அனுப்பும்போதுதான் இடர் தோன்றுகிறது. படம் கட்டங்கட்டமாகக் கலைகிறது, குரல் அறுகிறது, பார்க்க வந்தவர்கள் சலித்துப் போய்விடுகிறார்கள். ‘நம் இணைப்பு ஏழை இணைப்பு, நமக்கு இது வாய்க்காது’ என்று அம்மாணவர் சோர்ந்து விடுகிறார்.

அந்தச் சோர்வு வேண்டியதில்லை என்பதைக் காட்டுவதே இப்பேச்சின் நோக்கம். வாய்க்கால் சிறிதாயினும், அதன் அளவறிந்து நீர் பாய்ச்சத் தெரிந்தவன் பயிரை வாடவிடமாட்டான். இங்கும் வேண்டுவது சிறிது கணக்கும், எதை வைத்துக்கொள்வது எதை விடுவது என்னும் தெளிவுமே.

முதலில் நாம் அனுப்ப விரும்பும் பொருளின் பருமனைக் காண்போம். முழு உயர்தரம் எனப்படும் படம் ஒன்றில் குறுக்கே 1920 புள்ளிகளும் நெடுக்கே 1080 புள்ளிகளும் உண்டு. பெருக்கினால் 20,73,600 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் ஒளியையும் குறிக்க 24 பிட்டுகள் வேண்டும். இத்தகைய படங்கள் நொடிக்கு 60 வீதம் ஓடினால், நொடி ஒன்றுக்கு ஏறத்தாழ 300 கோடி பிட்டுகள் ஆகின்றன. நம் மாணவரின் வீட்டிலிருந்து வெளியே செல்லும் வேகமோ, நொடிக்கு 4 மெகாபிட், அஃதாவது 40 இலட்சம் பிட்டுகள் என்று வைத்துக்கொள்வோம். 300 கோடியை 40 இலட்சத்தில் அடக்குவது எங்ஙனம்? யானையைப் பானைக்குள் புகுத்துவது போன்றதன்றோ இது!

வெளியே செல்லும் வேகம் ஏன் இவ்வளவு குறைவு என்று நீங்கள் கேட்கலாம். இணைப்பு அளிப்போர் விளம்பரத்தில் பெரிதாகக் காட்டுவது உள்ளே வரும் வேகத்தை. அதுவே பதிவிறக்க வேகம். வெளியே போகும் பதிவேற்ற வேகம் பல இணைப்புகளில் அதன் ஒரு சிறு பங்குதான். தொலைபேசிக் கம்பி வழியே வந்த ஏ.டி.எஸ்.எல். என்னும் முறையில், 1999ஆம் ஆண்டின் உலகத் தர விதிப்படி, உள்ளே வருவது 8 மெகாபிட் அளவு என்றால் வெளியே போவது 1 மெகாபிட் அளவுதான். மக்களுள் பெரும்பாலோர் பார்ப்பவர்கள், கேட்பவர்கள். அனுப்புகிறவர்கள் சிலரே என்னும் எண்ணத்தின் மீது கட்டப்பட்ட ஏற்பாடு அது. அரசுகளின் அளவுகோல்களிலும் இவ்வெண்ணம் தெரிந்தது. அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் 2015இல் அகன்ற அலைவரிசைக்கு வகுத்த இலக்கணம் உள்ளே 25 மெகாபிட், வெளியே 3 மெகாபிட் என்பது. 2024இல்தான் அது 100க்கு 20 என உயர்ந்தது. கேட்க அகன்ற செவியும் பேசக் குறுகிய வாயும் கொண்ட உருவம் ஒன்றை மனத்தில் எண்ணிப் பாருங்கள். நம் வீட்டு இணைப்பு அத்தகையது. அந்தச் சிறு வாயால் தெளிவாகப் பேசுவது எப்படி என்பதே நம் வினா.

குறுகிய வழியில் பெரிய காட்சியை அனுப்பும் இடர் இன்று புதிதாகத் தோன்றியதன்று. நம் நாட்டில் 1959ஆம் ஆண்டு செப்டம்பர் 15இல் தில்லியில் தொலைக்காட்சி தொடங்கியது. அப்பழைய முறையில் படம் ஒன்றுக்கு 625 வரிகள். நொடிக்கு 25 படங்கள். ஆனால் 25 முறை மட்டும் திரையை ஒளியூட்டினால் கண்ணுக்குத் துடிப்புத் தெரியும். 50 முழுப் படங்களை அனுப்பவோ அலைவரிசையில் இடம் இல்லை. ஆகவே பொறியாளர்கள் ஒரு முறை ஒற்றைப்படை வரிகளையும் அடுத்த முறை இரட்டைப்படை வரிகளையும் மாற்றி மாற்றி அனுப்பினார்கள். கண் ஏமாறியது, அலைவரிசையும் மிச்சமாயிற்று. எல்லாவற்றையும் அனுப்ப இயலாதபோது, மனிதக் கண் எதை மிகுதியாகக் கவனிக்கிறதோ அதை அனுப்பு என்பதே இத்துறையின் முதற்பாடம்.

இன்றைய கணினிகள் அப்பாடத்தை இன்னும் நுட்பமாகச் செய்கின்றன. அடுத்தடுத்த இரு படங்களில் பெரும்பகுதி ஒன்றாகவே இருக்கும். ஓடுகிற குதிரை மட்டும் இடம் மாறினால், ‘இந்தக் கட்டம் வலப்புறம் இவ்வளவு நகர்ந்தது’ என்று சொன்னாற் போதும். புல்வெளி முழுவதையும் மறுபடி எழுத வேண்டியதில்லை. மேலும், நம் கண் ஒளியின் வேறுபாட்டைக் கூர்ந்து காணும். நிறத்தின் வேறுபாட்டை அவ்வளவு கூர்ந்து காணாது. ஆகையால் நிறத்தை நான்கில் ஒரு பங்கு புள்ளிகளுக்கு மட்டும் குறித்தாற் போதும். எஞ்சியதைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, மென்மையான மாற்றங்கள், நுணுக்கமான மாற்றங்கள் என வகைப்படுத்தி, கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுணுக்கங்களைக் கழித்துவிடுகிறார்கள். இவ்வாறு வகைப்படுத்த உதவும் கணித முறையைப் பெங்களூரில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய நசீர் அகமது என்னும் அறிஞர், டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகியோருடன் சேர்ந்து 1974இல் வெளியிட்டார். நீங்கள் கைப்பேசியில் எடுக்கும் நிழற்படத்திலும், காணும் நேரலையிலும் அம்முறையோ அதன் வழிவந்த முறையோ உழைத்துக்கொண்டிருக்கிறது. 2003இல் தரப்படுத்தப்பட்ட எச்.264 என்னும் சுருக்கு முறை நேரலை உலகில் பெரிதும் கையாளப்படுவது.

இனி, மாணவர் கையில் உள்ள திருகுகளைக் காண்போம். ஓ.பி.எஸ். போன்ற இலவச நேரலை மென்பொருளைத் திறந்தால் பல எண்கள் தென்படும். அவற்றுள் மூன்று தலையாயவை. முதலாவது, படத்தின் அளவு. இரண்டாவது, நொடிக்கு எத்தனை படங்கள் என்பது. மூன்றாவது, நொடிக்கு எத்தனை பிட்டுகள் செலவிடலாம் என்பது. இதனைப் பிட்வீதம் என்பர். பிட்வீதம் என்பது கையிருப்பு. முதல் இரண்டும் செலவுகள். கையிருப்பை மாற்ற நம்மால் இயலாது. அதனை நம் இணைப்பு முடிவு செய்கிறது. செலவைச் சுருக்குவதே நம் கையில் உள்ளது.

ஆகவே முதல் வேலை, கையிருப்பை அளத்தல். வேகத்தை அளந்து காட்டும் தளங்கள் பல உண்டு. அவற்றில் பதிவேற்ற வேகத்தைப் பாருங்கள். ஒரு முறை பார்த்து அமையாதீர்கள். நீங்கள் நேரலை செய்ய எண்ணும் அதே மாலை வேளையில், சில நாள்கள் அளந்து, அவற்றுள் மிகக் குறைந்த எண்ணைக் கணக்கிற்கு எடுத்துக்கொள்ளுங்கள். வாய்ப்பு உண்டாயின், கணினியை வைஃபை வழியாக அன்றிக் கம்பி வழியாகவே ரௌட்டருடன் இணையுங்கள். வேகம் ஏறி இறங்குவது குறையும்.

அளந்த எண் 4 மெகாபிட் எனின், அதில் நான்கில் மூன்று பங்கை மட்டும் நேரலைக்கு ஒதுக்குங்கள். எஞ்சிய பங்கு எதற்கு? விளையாட்டே உங்கள் ஒவ்வோர் அசைவையும் தன் சேவையகத்திற்கு அனுப்ப வேண்டும். வழி முழுதும் நேரலையால் அடைபட்டால் அவ்வசைவுகள் வரிசையில் காத்து நிற்கும். நீங்கள் சுட்ட பின்னும் எதிரி நின்றுகொண்டிருப்பான். உள்ளே வரும் தரவுக்கும் ‘பெற்றுக்கொண்டேன்’ என்னும் மறுமொழி வெளியே செல்ல வேண்டும்; அது தாமதித்தால் பதிவிறக்கமும் தளர்ந்துபோகும். ஆகையால் 3,000 கிலோபிட்டே நம் கையிருப்பு. அதிலிருந்து குரலுக்கு 128 கிலோபிட்டை முதலிலேயே எடுத்து வைத்துவிடுங்கள். படம் சற்று மங்கினாலும் பார்ப்பவர் பொறுப்பார். பேச்சு அறுந்தால் பொறுக்கமாட்டார். காட்சிக்கு ஏறத்தாழ 2,800 கிலோபிட் எஞ்சுகிறது.

இனி வகுத்தல் கணக்கு ஒன்று. பிட்வீதத்தை நொடிக்கு வரையப்படும் புள்ளிகளின் எண்ணிக்கையால் வகுத்தால், புள்ளி ஒன்றுக்குக் கிடைக்கும் பிட் தெரியும். 1080 வரிகள், நொடிக்கு 60 படம் என்று வைத்தால் நம் 2,800 கிலோபிட்டில் புள்ளிக்கு 0.02 பிட்தான் கிடைக்கும். காட்சி சேறாகிவிடும். படத்தை 30 ஆகக் குறைத்தால் 0.045. 1280க்கு 720 என்னும் அளவில் 60 படம் என்றால் 0.05. அதே 720இல் 30 படம் என்றால் 0.1 பிட் கிடைக்கும். எச்.264 முறையில், ஓட்டம் மிகுந்த விளையாட்டிற்குப் புள்ளிக்கு 0.1 பிட் அளவு இருந்தால் காட்சி தெளிவாக அமையும் என்பது அனுபவக் கணக்கு. ட்விச் தளமும் தன் வழிகாட்டுக் குறிப்பில் 720 வரிகள், 30 படங்களுக்கு 3,000 கிலோபிட் என்றே பரிந்துரைத்தது. 60 படங்களுக்கு 4,500. 1080 வரிகள், 60 படங்களுக்கு 6,000. படம் பெரிதாகும்போதும் எண்ணிக்கை மிகும்போதும் அண்டைப் புள்ளிகளும் அடுத்தடுத்த படங்களும் மிகுதியாக ஒத்திருப்பதால், புள்ளிக்கு வேண்டிய பிட் சற்றுக் குறைகிறது. எனினும் நம் மாணவருக்கு ஏற்றது 720 வரிகள், 30 படங்கள் என்பது தெளிவு.

அவர் நண்பர் ஒருவருக்கு 2 மெகாபிட்தான் உண்டு எனக் கொள்வோம். அதே வழியில் கணக்கிட்டால் காட்சிக்கு 1,350 கிலோபிட் அளவு கிடைக்கும். 854க்கு 480 என்னும் அளவில் 30 படங்கள் அனுப்பினால் புள்ளிக்கு 0.11 பிட். நல்ல காட்சியே. 1 மெகாபிட் மட்டும் உள்ளவரும் மனம் தளர வேண்டியதில்லை. குரலுக்கு 96 கிலோபிட் ஒதுக்கி, 640க்கு 360 என்னும் அளவில் 30 படங்கள் அனுப்பினால் புள்ளிக்கு 0.09 பிட் நிற்கும். கைப்பேசியின் சிறு திரையில் பார்ப்பவருக்கு அது போதும். பெரிய அளவில் கலங்கிய படத்தைவிடச் சிறிய அளவில் தெளிந்த படம் மேலானது என்பதை மறவாதீர்கள்.

ஆனால் எல்லா விளையாட்டுக்கும் ஒரே விதி பொருந்துமா? பொருந்தாது. சதுரங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பலகை அசையாது, ஒரு காய் மட்டும் நகரும். இத்தகைய காட்சிக்குப் பிட்டுகள் மிகச் சிலவே போதும். அங்கே படங்களின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டு அளவைக் கூட்டலாம்; எழுத்தும் எண்ணும் தெளிவாகத் தெரியும். கார்ப்பந்தயமும் துப்பாக்கிச் சண்டையும் அப்படியல்ல. திரை முழுதும் நொடிதோறும் மாறும். அங்கே ஓட்டத்தின் இழைவே உயிர்; அளவைக் குறைத்தேனும் ஓட்டத்தைக் காக்க வேண்டும். மழை, பனித்தூவல், காற்றில் அலையும் புல், சிதறும் தீப்பொறி ஆகியவை சுருக்கு முறைக்குப் பெரும்பகை. முன்படத்தில் இருந்தது பின்படத்தில் எங்கும் கிடைக்காதாகையால், ‘இது நகர்ந்தது’ என்று சொல்ல வழியின்றி ஒவ்வொன்றையும் புதிதாக எழுத வேண்டியுள்ளது. விளையாட்டின் அமைப்புகளில் திரைப்படக் குருணை போன்ற அலங்காரங்கள் இருந்தால் அணைத்துவிடுங்கள். புல்லின் அடர்த்தியைக் குறையுங்கள். காசு செலவின்றிக் காட்சி தெளியும்.

இன்னும் இரண்டு அமைப்புகள் உள. பிட்வீதத்தை மாறா வீதமாக வைப்பது நலம். காட்சிக்கு ஏற்ப ஏறி இறங்கும் வீதம், சேமித்து வைக்கும் பதிவுக்கு நல்லது; குறுகிய வழியிலோ, பரபரப்பான கட்டத்தில் அது திடீரென்று பெருகி வழியை அடைத்துவிடும். அடுத்து, முதன்மைப் படத்தின் இடைவெளி. மாற்றங்களை மட்டும் சொல்லிக்கொண்டே போனால், இடையில் வந்து சேர்பவருக்கு ஒன்றும் விளங்காது. ஆகவே அவ்வப்போது முழுப் படம் ஒன்றை அனுப்ப வேண்டும். 2 நொடிக்கு ஒரு முறை என்பதே ட்விச் கேட்கும் இடைவெளி.

சுருக்கும் வேலையைச் செய்வது யார் என்பதையும் நீங்கள் முடிவு செய்யலாம். மையச் செயலியிடம் விட்டால், எவ்வளவு நிதானமாகத் தேட விடுகிறீர்களோ அவ்வளவு நன்றாக அது ஒற்றுமைகளைக் கண்டுபிடித்துச் சுருக்கும். ஆனால் விளையாட்டும் அதே செயலியைத்தான் நம்பியிருக்கிறது. ஒருவனே ஏர் உழவும் கணக்கு எழுதவும் வேண்டுமென்றால் இரண்டும் கெடும். வரைகலை அட்டையில் சுருக்குவதற்கென்றே தனி உறுப்பு இருப்பின், அதனிடம் அவ்வேலையை ஒப்படைப்பது பெரும்பாலும் நல்லது. 2013இல் வந்த எச்.265, 2018இல் வந்த ஏவி1 ஆகிய புதிய முறைகள் குறைந்த பிட்டில் அதே தெளிவைத் தரவல்லவை. உங்கள் கணினிக்கு அவ்வாற்றல் உண்டா, நீங்கள் அனுப்பும் தளம் அதனை ஏற்குமா என்று பார்த்தே அவற்றைக் கையாளுங்கள்.

இத்தனை செய்தும் காட்சி தடுமாறினால் என் செய்வது? இங்கேதான் மாணவர் பலர் நோய் ஒன்றிருக்க மருந்து வேறொன்று தருகிறார்கள். தடுமாற்றம் மூவகைப்படும். வழியில் இடமின்றிப் படங்கள் விடுபடுவது ஒன்று. சுருக்குகிற உறுப்பு திணறி விடுபடுவது மற்றொன்று. விளையாட்டே வரைகலை அட்டை முழுவதையும் விழுங்கிவிட, படத்தைத் தொகுக்க இயலாமல் விடுபடுவது மூன்றாவது. ஓ.பி.எஸ். மென்பொருளின் புள்ளிவிவரப் பகுதி இம்மூன்றையும் தனித்தனியே எண்ணிக் காட்டும். முதல் நோய்க்கு மருந்து பிட்வீதத்தைக் குறைப்பது. படத்தின் அளவை மட்டும் குறைத்தால் அது தீராது. ஏனெனில் வழி காண்பது பிட்டுகளை மட்டுமே. அவை எந்த அளவுப் படத்தைச் சுமக்கின்றன என்பதை அஃது அறியாது. இரண்டாம் நோய்க்கு விரைவான சுருக்க முறையோ சிறிய அளவோ மருந்து. மூன்றாவதற்கு விளையாட்டின் அலங்காரங்களைக் குறைப்பதும், அது நொடிக்கு வரையும் படங்களுக்கு வரம்பு கட்டுவதும் மருந்து. பார்ப்பவருக்கு மூன்றும் ஒன்று போலவே தோன்றும். காரணத்தைப் பிரித்தறிவதே விஞ்ஞான மனப்பான்மை.

நண்பர்களே, கணக்கோடு முடிவதன்று இது. நம் வீட்டு இணைப்பு நமக்கு மட்டும் உரியதன்று. நீங்கள் நேரலை செய்யும் அதே மாலையில் தங்கை இணைய வகுப்பில் ஆசிரியருக்கு விடை சொல்லிக்கொண்டிருக்கலாம்; அயலூரில் உள்ள மகனின் முகத்தைப் பாட்டி திரையில் பார்த்துக்கொண்டிருக்கலாம். அவர்கள் குரலும் அதே சிறு வாய்க்கால் வழியேதான் செல்ல வேண்டும். கையிருப்பில் நான்கில் ஒரு பங்கை விடச் சொன்னது அவர்களுக்காகவும்தான். வீட்டில் அப்படி ஒரு தேவை இருக்கும் நாளில் பிட்வீதத்தை இன்னும் குறைத்துக்கொள்வதே முறை. கைப்பேசித் தரவைக் கொண்டு அனுப்புவோர் மற்றொன்றையும் கருத வேண்டும். 3,000 கிலோபிட் வீதம் ஒரு மணி நேரம் அனுப்பினால் 1,350 மெகாபைட் செலவாகும். அதற்குப் பணம் கட்டுகிறவர் யார் என்பதை எண்ணிப் பாருங்கள்.

பார்ப்பவரும் நம் போன்றவரே. சில தளங்கள் நாம் அனுப்பும் காட்சியைப் பல அளவுகளில் மாற்றி, அவரவர் வேகத்திற்கு ஏற்ப வழங்கும். யூடியூப் அவ்வாறு செய்கிறது. வேறு சில தளங்களில் புதியவர்களுக்கு அவ்வசதி உறுதியாகக் கிடைப்பதில்லை; நாம் அனுப்பியது அப்படியே போய்ச் சேரும். அங்கே 6,000 கிலோபிட்டை அனுப்பினால், மெலிந்த இணைப்புள்ள நண்பர் வாயிலிலேயே நின்றுவிடுவார். 2,800இல் அனுப்பினால் அவரும் உள்ளே வருவார். நாம் குறைவு என்று எண்ணி வருந்தும் எண்ணே மற்றொருவருக்குக் கதவாகிறது.

பெரிய எண் சிறந்தது என்பது கடைக்காரன் பேச்சு. பொருந்திய எண் சிறந்தது என்பதே பொறியாளன் பேச்சு. ஒலிபெருக்கி இல்லாத சபையில் உரக்கக் கத்துகிறவன் குரல் கம்மிப் போகிறான். நிறுத்திச் சொல்லுகிறவன் கடைசி வரிசை வரையில் கேட்கப்படுகிறான். உங்கள் வீட்டின் பதிவேற்ற வேகத்தை முதலில் அளந்து பாருங்கள். தாளில் அந்த வகுத்தலைப் போடுங்கள். வரும் விடைக்கு ஏற்பத் திருகுகளை அமையுங்கள். உங்கள் ஆட்டமும் சொல்லும் தெளிவாகவே போய்ச் சேரும்.